பூஜையில் வைத்த ட்ரம்பெட்

அய்யய்யோ, அதும்மேல டம்ளர வெச்சுடாதீங்கோ ஹெலன்! அது ஸ்டூல் இல்ல. பட்டுத்துணி போத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, மேல ஒரு சாமந்திப்பூ வேற இருக்கே, ஸ்டூலுக்கு யாராவது... இல்ல இல்ல, உங்க மேல தப்பில்ல. கொலுப்படிய ஒட்டி அந்த எடத்துல வருஷா வருஷம் ஸ்டூல்தான் இருக்கும். இந்த வருஷம் ட்ரம்பெட் இருக்கு.

ட்ரம்பெட். ஆமா, ஊதறது. பொட்டியோட.

உக்காருங்கோ. அந்தப் பக்கம், சோஃபால. மேல் வீட்டுக்கு நீங்க குடி வந்து ஒரு மாசம் ஆகப் போறது, இன்னிக்குத்தான் வெத்தலபாக்குக்குக் கூப்பிட முடிஞ்சுது. குங்குமம் வேண்டாம்னா பரவால்ல, பூ வெச்சுக்கோங்கோ. சுண்டல் எடுத்துக்கோங்கோ, கொண்டக்கடல. உப்பு கம்மியா இருந்தா சொல்லுங்கோ. இன்னிக்கு என் கை, நாக்கு, புத்தி எதுவும் என் வசத்துல இல்ல. காலம்பறலேந்து இந்தப் பொட்டியப் பாத்துண்டே உக்காந்திருக்கேன். அதுவும் என்னப் பாத்துண்டே உக்காந்திருக்கு.

ஏன்னு கேக்க மாட்டேளா? கேளுங்கோளேன். சரி, நானே சொல்றேன்.

இன்னிக்கு நவமி, சரஸ்வதி பூஜை. எங்காத்து வழக்கம் என்னன்னா, புஸ்தகம், வாத்தியம் எல்லாத்தையும் அடுக்கி பூஜை பண்ணிட்டா, நாளைக்கு தசமி காலம்பற மறுபடியும் ஒரு பூஜை பண்ற வரைக்கும் அதுல எதையும் எடுக்கப்படாது. படிக்கப்படாது, எழுதப்படாது, வாசிக்கப்படாது. அவ கைல ஒப்படைச்சாச்சு, அவளா திருப்பிக் குடுத்தாத்தான் உண்டு. உங்களுக்குத் தெரியாததா? கேஜிஎஃப்ல தங்கச் சுரங்கத்துல ஆயுத பூஜை எவ்ளோ பெருசா நடக்கும்னு அன்னிக்கு மாடிப்படில நீங்கதானே சொன்னேள்? பாதி சொல்றப்போ நான் நடுவுல புகுந்து எங்காத்து கொலுவப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டேன். இன்னொரு நாள் மிச்சத்தச் சொல்லுங்கோ.

இப்ப விஷயம் என்னன்னா, இந்த ட்ரம்பெட் க்ளென்னு ஒருத்தரோடது. ஸ்காட்லாந்துலேந்து வந்திருக்கார். பெரிய வித்வான். அவருக்கு இன்னிக்கு சாயங்காலம் ஆறரைக்கு யுனிவர்சிட்டில கச்சேரி.

புரியறதா? வித்வான் அங்க. வாத்தியம் இங்க. நடுவுல சரஸ்வதி.

சிரிக்காதீங்கோ. சிரிங்கோ, பரவால்ல. நானும் காலம்பற ஒரு தடவ சிரிச்சுப் பாத்தேன், சரியா வரல.

எல்லாம் இவரால ஆரம்பிச்சது. எங்காத்துக்காரரத்தான் சொல்றேன். யுனிவர்சிட்டில ப்ரொஃபெசர் நாணுன்னா எல்லாருக்கும் தெரியும், ஃபிசிக்ஸ். ரிடையர் ஆனா மனுஷா கோயில் கோயிலா போவா, இல்லேன்னா ஷேர் மார்க்கெட்டுக்குப் போவா. இவர் ஜாஸுக்குப் போனார். சின்ன வயசுல வெளிநாட்ல படிக்கறப்போ கேட்டாராம், அப்பலேந்து மனசுக்குள்ளயே வெச்சிண்டிருந்தாராம். இத்தன வருஷம் ஒரே ஆத்துல இருந்திருக்கேன், எனக்குத் தெரியாது. வேற பொம்மனாட்டி இருந்தாக் கூட மோப்பம் புடிச்சிருப்பேன். ஜாஸ எப்டிக் கண்டுபிடிக்கறது?

வைஸ் சான்ஸ்லர்கிட்ட போய்ப் பேசிட்டார். மாசத்துக்கு ஒரு கச்சேரி. ஒவ்வொண்ணுக்கும் வெளிலேந்து ஒரு வித்வான் விருந்தாளியா வருவார், வந்து காலேஜ் பசங்களுக்குச் சொல்லிக்குடுப்பார், கடைசில அவாளோட சேந்து மேடைல வாசிப்பார். நல்ல காரியந்தான், நான் இல்லேங்கல. ஆனா யுனிவர்சிட்டி கெஸ்ட் ஹவுஸ்ல ரிப்பேர் வேல நடக்கறது. எப்ப முடியும்னு கட்டறவாளுக்கே தெரியாது. அதனால வித்வான் எல்லாரும் நம்மாத்துல.

முதல்ல வந்தவர் டிரம்ஸ். அவருக்கு டிரம்ஸே வேண்டாம், என்னோட எவர்சில்வர் டப்பா போறும். தொவரம்பருப்பு டப்பால ஒரு சத்தம், உளுத்தம்பருப்பு டப்பால ஒரு சத்தம். பருப்பு கொறைய கொறைய சத்தம் மாறறதுன்னு அவர்தான் கண்டுபுடிச்சார். அவர் இருந்த வரைக்கும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி நான் டப்பாவத் திறந்தே பாக்கல, தட்டித்தான் பாத்தேன். அதுக்கப்பறம் ஒரு அம்மா வந்தா, பாடறவா. தொண்டைக்காகத் தயிரே தொட மாட்டேன்னுட்டா. எங்காத்துல தயிர் இல்லேன்னா நான் என்னத்தப் போடறது? நாலு நாளும் ரசத்த ரசத்தாக் குடிச்சா. கச்சேரில மைக்ல சொன்னா, என் குரல் இன்னிக்கு இப்டி இருக்குன்னா அதுக்குக் காரணம் முன் வரிசைல உக்காந்திருக்கற மேடமோட சூப்புன்னு. எல்லாரும் திரும்பிப் பாத்தா. நான் எழுந்து கை கூப்பினேன்.

முன் வரிசை. ஆமா, எப்பவும் முன் வரிசைதான், ப்ரொஃபெசர் சம்சாரமாச்சே. அதுதான் ஆபத்தே. முதல் கச்சேரில நான் பண்ணினத உங்ககிட்ட சொன்னேனோ? சொல்லல? எனக்கு அந்தத் தாளம் புடிபடவே இல்ல. ஆனா தொடைல தட்டாம சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுடுவாளேன்னு, தட்டிண்டே இருந்தேன். நான் முடிக்கற எடத்துல அவா முடிக்கல, அவா முடிக்கற எடத்துல நான் நடுவுல இருந்தேன். திடீர்னு ஒரு எடத்துல டிரம்ஸ்காரர் டக்குனு ஒரு சத்தம் குடுத்தார் பாருங்கோ, நான் போட்ட தாளத்துக்கு கரெக்டா வந்து விழுந்துது. எனக்கு சந்தோஷம் தாங்கல. 'பலே!'ன்னுட்டேன். வாய்விட்டு. ஹால் பூரா கேட்டுது.

அது அந்தாள் கைலேந்து குச்சி கீழ விழுந்த சத்தம்.

இவர் வீட்டுக்கு வர வரைக்கும் ஜன்னல் வழியா வெளில பாத்துண்டே வந்தார், தோள் மட்டும் குலுங்கிண்டே இருந்துது.

சரி, க்ளென் விஷயத்துக்கு வரேன். அவர் வந்து நாலஞ்சு நாளாச்சு. நெட்டையா ஒருத்தர், வாசல் தோரணத்துல தலை இடிச்சிண்டு, ஒவ்வொரு தடவையும் தோரணத்துக்கு 'ஸாரி' சொல்லிண்டு போவார், அவர்தான். அவ்ளோ மரியாத. நேத்து சாயங்காலம் நான் புஸ்தகம் எல்லாம் அடுக்கிண்டிருக்கேன், என்ன இதுன்னு கேட்டார். சொன்னேன். நமக்குத்தான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா... பகவான்லேந்து ஆரம்பிச்சு, கல்வி, சங்கீதம், வாத்தியம்னா வெறும் பித்தள இல்ல, உயிர் இருக்குன்னு இங்கிலீஷ்ல ஒரு பிரசங்கமே பண்ணிட்டேன். பண்ணிட்டு, போங்கோ, உங்க ட்ரம்பெட்டையும் கொண்டு வாங்கோ, நாளைக்கு இதுக்கும் சேத்து பூஜை பண்றேன்னேன்.

அவரா கேக்கல. நாந்தான் கேட்டேன். இத ஒத்துக்கறேன். வேற யார்கிட்டயும் நான் ஒத்துக்கல, எல்லார்கிட்டயும் அவராத்தான் ஆசப்பட்டுக் கேட்டார்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கொண்டு வந்தார். நானே எடம் காமிச்சேன், வெச்சார். தொட்டா என்ன ஆகும்னும் சொன்னேன். அது கொஞ்சம் ஜாஸ்தியாவே சொல்லிட்டேன். எங்க பெரியப்பா ஒரு வருஷம் நவமி அன்னிக்குக் கணக்கு எழுதி, அன்னிலேந்து கை நடுக்கம் வந்துதுன்னு. உண்மைல அவருக்கு நடுக்கம் அதுக்கு முன்னாடியே இருந்துது. ஒரு கதைன்னா கொஞ்சம் மசாலா வேண்டாமா? க்ளென் கேட்டுண்டே நின்னார். கண்ணெல்லாம் கலங்கிடுத்து அவருக்கு.

நான் ஏன் பயமில்லாம வெச்சேன்னு கேக்கறேளா? கச்சேரி நாளைக்குன்னு நெனச்சேன்! எப்பவும் சனிக்கிழமதான் நடக்கும். இந்தத் தடவ லீவு நாளா இருக்கட்டும்னு இன்னிக்கு மாத்திட்டாளாம். இவர் சொல்லிருக்கார். மேசைல உக்காந்து சொன்னாராம், கார்ல சொன்னாராம், மறுபடியும் சொன்னாராம். அந்த நேரமெல்லாம் நான் வேற ஏதோ சொல்லிண்டிருந்திருப்பேன்.

இன்னிக்குக் காலம்பற நான் சமையல்கட்டுல மடியா இருக்கேன், யாரும் கிட்ட வந்து தொடப்படாது, அவா ரெண்டு பேரும் வாசல்லேந்தே 'கெளம்பறோம், சாயங்காலம் நேரா ஆடிட்டோரியத்துக்கு வந்துடு'ன்னு கத்திட்டுப் போயாச்சு. நான் நிதானமா பூஜை பண்ணி, சக்கரப் பொங்கல் நைவேத்யம் பண்ணி, கற்பூரம் காட்டி, கன்னத்துல போட்டுண்டு... போட்டுண்ட கை கன்னத்துலயே நின்னுடுத்து. சாயங்காலம் ஆடிட்டோரியத்துக்கா? இன்னிக்கு சாயங்காலமா?

அந்த மனுஷன் பாவம், வாயத் திறந்து கேக்கல பாருங்கோ. நான் சொன்ன பெரியப்பா கதைல பயந்து வெறுங்கையோட போயிருக்கார். கச்சேரி நாள்ல வெறுங்கையோட!

இதோ, மறுபடியும் ஃபோன். இவர்தான். விடுங்கோ, அடிச்சு ஓயட்டும். நான் எடுக்கப் போறதில்ல. எடுத்தா என்ன சொல்லுவார்? 'பொட்டிய ஒரு ஆட்டோல போட்டு அனுப்பு'ம்பார். ரெண்டே வார்த்தைல முடிச்சுடுவார். மெசேஜும் அனுப்ப மாட்டார், எழுத்துப் பிழை வந்துடுமாம். மெசேஜ் வந்தாலும் நான் இன்னிக்குப் படிக்கக் கூடாது.

இல்ல, நீங்க கேக்கறது நியாயந்தான். ஃபோட்டோ அனுப்பறேளே, குரூப் பாக்கறேளேன்னா... அது பாக்கறது, படிக்கறதில்ல. நந்தினி பால் பாக்கெட்ல தேதி பாக்கறோமே, அந்த மாதிரி. விதின்னு ஒண்ணு இருந்தா விலக்குன்னு ஒண்ணு இருக்கும். நான் விதான சௌதால சட்ட இலாகால ஃபைல் பாத்தே தலை நரைச்சவ. விலக்கு இல்லாத விதிய நான் பாத்ததே கெடையாது.

குரூப்னு சொன்னேனா, அங்கதான் மாட்டிண்டேன். காலம்பற பூஜை முடிஞ்ச ஒடனே, யோசிக்கறதுக்கு முன்னாடியே, ஃபோட்டோ எடுத்து எங்க குடும்ப குரூப்ல போட்டுட்டேன். கொலு, பட்டுத்துணி, பொட்டி. கீழ, 'ஸ்காட்லாந்து வித்வான் தன் வாத்தியத்த நம்மாத்து சரஸ்வதி கால்ல சமர்ப்பிச்சுட்டார்'னு. கை கூப்பற பொம்ம ஏகப்பட்டது வந்துது. மைசூர்லேந்து என் ஓர்ப்படி வேதவல்லி மட்டும் ஒண்ணு போட்டா. 'ரொம்ப சந்தோஷம் அலமேலு. நாளைக்குக் காலம்பற துணி எடுக்கற வீடியோவும் போடு'ன்னு.

பாத்தேளா எப்டிக் கட்டிப் போட்டான்னு?

அவளும் என்ன பண்ணுவா. போன வருஷம் அவ பொண்ணு ஸ்னேஹாவுக்கு நவமி அன்னிக்கு ஏதோ ஆன்லைன் பரீட்ச. லேப்டாப்ப பூஜைலேந்து எடுத்துட்டா கொழந்த. நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தேனா? அதே குரூப்ல, எல்லாரும் பாக்கறா மாதிரி, ஆசாரம்னா என்னன்னு நீளமா ஒண்ணு எழுதினேன். நவமி அன்னிக்கு உக்காந்து எழுதினேன்! அத வேதவல்லி இன்னும் அழிக்காம வெச்சிருக்காளாம்.

என்ன சொல்றேள்? வேற ட்ரம்பெட்டா? எங்க போறது? எட்டாவது கிராஸ் கடைத்தெருல வாழக்கன்னு கெடைக்கும், பூசணிக்கா கெடைக்கும், ரோடு பூரா ஒடச்சு வெச்சிருக்கா, வழுக்கி விழாம நடக்க முடியல. ட்ரம்பெட் கெடைக்குமா? உங்க தம்பி ஃபிராங்க்ளின்கிட்ட? விவேக் நகர் சர்ச்ல அவர் கீபோர்டுதானே வாசிக்கறார்? ... க்றிஸ்மஸுக்கு மட்டும் ட்ரம்பெட்காரா வருவாளா. க்றிஸ்மஸ் வரைக்கும் கச்சேரிய நிறுத்தி வெக்க முடியாதே. அதுவுமில்லாம அவாவா வாய்க்குப் பழகின வாத்தியந்தான் வேணுமாம், இவர் சொல்லுவார்.

மன்னிப்புக் கேட்டுண்டு நானே எடுத்துட்டா என்னன்னா... எடுக்கலாம். சரஸ்வதி ஒண்ணும் சொல்ல மாட்டா. வேதவல்லி சொல்லுவாளே.

இந்தக் கச்சேரி நடக்கலேன்னா என்ன ஆகும் தெரியுமோ? யுனிவர்சிட்டில ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டுண்டிருக்கா, எதுக்கு இந்த ஜாஸுன்னு. வித்வான் வந்தார், வாத்தியம் வரல, ஏன்னா ப்ரொஃபெசராத்து மாமி பூஜைல வெச்சுட்டான்னு போய் நின்னா, இவர் தலை நிமிர முடியுமா? அந்தப் பசங்க மூணு மாசமா ஒத்திகை பாத்திருக்கு. இவர் தூக்கத்துல கூட விரல் தட்டறார், ஹெலன். வாழ்நாள்ல அவர் தனக்குன்னு ஆசப்பட்டுப் பண்ணின ஒரே காரியம் இது. என்ன கல்யாணம் பண்ணிண்டது கூட அவா அப்பா சொல்லித்தான்.

அதான் யோசிச்சேன். இப்ப நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டேளே?

எங்க இலாகால எந்த விதி வந்தாலும் மொதல்ல ஒண்ணு பாப்போம். இது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது. பொருந்தாதவர் செஞ்சா அது மீறலே கெடையாது. இப்ப இத நான் எடுத்தா தோஷம். இவர் எடுத்தா தோஷம். க்ளென் தன் கையால வெச்சதால, அவருக்கும் கொஞ்சம் ஒட்டும்னே வெச்சுப்போம். ஆனா உதாரணத்துக்கு இப்ப நீங்க... உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் கெடையாதோல்லியோ? நீங்க சும்மா அந்தத் துணிய விலக்கி, பொட்டிய எடுத்து, வாசப்படிக்கு வெளில வெச்சுட்டா போறும். நான் அப்ப சமையல்கட்டுல காப்பி போட்டுண்டிருப்பேன். பாக்கக்கூட மாட்டேன். வாசல்லேந்து நான் எடுத்துண்டுடுவேன். வாசல் பூஜைல சேத்தி இல்ல.

வேதவல்லி கேட்டாக் கூட, மேல் வீட்டம்மா வந்தா, அவாளுக்கு நம்ம வழக்கம் தெரியாது, தெரியாம எடுத்துட்டான்னு சொல்லிக்கலாம். உங்கள அவளுக்குத் தெரியவே தெரியாது, அதனால உங்களுக்கு ஒரு...

என்ன ஹெலன், சுண்டல கீழ வெச்சுட்டேள்? உப்பு கம்மியா?

எழுந்துட்டேள்?

ஓ. துணி காயப் போட்டிருக்கேளா. இப்ப மழ ஒண்ணும் வராதே, வெயில் நன்னா... சரி. சரி, போய்ட்டு... வெத்தலபாக்கு எடுத்துக்கலையே. தட்டு இங்கயே இருக்கு பாருங்கோ. ஹெலன்? பூவையாவது...

*

ஹெலன்? நான்தான். கீழ் வீட்டு அலமேலு.

கதவத் திறக்க வேண்டாம். உள்ள ஃபேன் சத்தம் கேக்கறது, இருக்கேள்னு தெரியறது. மொட்ட மாடிக்குப் போய்ப் பாத்தேன், கொடில துணி ஒண்ணும் இல்ல. பரவால்ல, நானா இருந்தாலும் துணியத்தான் சொல்லிருப்பேன்.

நானே எடுத்துட்டேன், ஹெலன்.

நீங்க போனப்பறம் கொஞ்ச நேரம் அந்தத் தட்டப் பாத்துண்டே நின்னேன். நீங்க ரெண்டு கடலதான் சாப்ட்டிருக்கேள். அப்பறம் போய் சரஸ்வதி முன்னாடி நின்னு, தாயே, எல்லாம் என் வாயால வந்தது, எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ, அந்தக் கச்சேரிய விட்டுடுன்னு சொல்லிட்டு, துணிய விலக்கினேன். கை நடுங்கித்து. பெரியப்பா கை மாதிரியே.

பொட்டி மேல குங்குமம் வழிஞ்சு போயிருந்துது. உள்ள எறங்கிருக்குமோ, வாத்தியம் கறுத்துடுமோன்னு திறந்து பாத்தேன்.

உள்ள ட்ரம்பெட் இல்ல.

சாக்ஸ் இருந்துது. அழுக்கு சாக்ஸ். ஒரு ஜோடி. அப்பறம் ஒரு பனியன், பாதி தின்ன பிஸ்கட் பாக்கெட்.

சக்கரப் பொங்கல் நைவேத்யம் பண்ணினேனே. கற்பூரம் காட்டினேனே. குரூப்ல ஃபோட்டோ போட்டேனே!

ஒடனே இவருக்கு ஃபோன் பண்ணினேன். க்ளென் வாத்தியத்த எப்பவும் தோள்ல மாட்டற பையிலதான் வெச்சுப்பாராம். பொட்டி ப்ளேன்ல வரதுக்கு மட்டும். காலம்பறலேந்து அங்க ஊதிண்டே இருக்காராம், ரொம்ப நன்னா இருக்காம். இவர் எதுக்கு அத்தன தடவ கூப்பிட்டார் தெரியுமோ? மூக்குக் கண்ணாடிய மறந்து வெச்சுட்டுப் போயிட்டாராம். மேடைல வரவேற்புரை படிக்கணும், கண்ணு தெரியல, வரப்போ கொண்டு வான்னு சொல்றதுக்கு. அது எங்கன்னு பாத்தா, புஸ்தகத்தோட சேத்து அதையும் நான் பூஜைல அடுக்கியிருக்கேன். அதையும் எடுத்துட்டேன். ஒண்ணு எடுத்தவளுக்கு ரெண்டு எடுக்கறது கஷ்டமா?

க்ளென் நேத்து பொட்டிய வெக்கறப்போ 'மேடம், மேடம்'னார். சொல்ல வந்திருக்கார். நான் 'நோ நோ, ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குப் புரியறது'ன்னேன். கண் கலங்கித்துன்னு சொன்னேனே... சிரிப்ப அடக்கிண்டு நின்னிருக்கார்.

அதெல்லாம் போறது. அது என் அசட்டுத்தனம், அதச் சொல்லிச் சிரிச்சுட்டுப் போயிடலாம். வேதவல்லிக்கும் நானே எழுதிடறேன், சாக்ஸ்னு. அவ சிரிக்கட்டும், ஒரு வருஷமா காத்துண்டிருக்கா.

நான் மாடி ஏறி வந்தது அதுக்கில்ல.

ஃபைல்ல எழுதுவோம், ஹெலன், 'இவருக்குப் பொருந்தாது'ன்னு. ஆயிரம் தடவ எழுதியிருப்பேன். எழுதறப்போ அந்த ஆள் எதிர்ல உக்காந்து நம்மாத்து சுண்டல் சாப்டுண்டிருக்க மாட்டா. இன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்துண்டே சொன்னேன். எனக்கு ஒட்டற தோஷம் உங்களுக்கு ஒட்டாது, அதனால நீங்க எடுங்கோன்னு. அதோட விட்டேனா, பழியையும் உங்க பேர்ல எழுதி வெச்சேன்.

ஒரு மாசமா வெத்தலபாக்குக்குக் கூப்பிடாதவ இன்னிக்கு எதுக்குக் கூப்பிட்டேன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். காலம்பற அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்துண்டு, யாரக் கூப்பிடலாம், யாரக் கூப்பிடலாம்னு ஒவ்வொரு வீடா யோசிச்சேன். உங்க வீட்டுக்கு வந்தப்போ, அப்பாடா, ஆள் கெடைச்சாச்சுன்னு எனக்கு சந்தோஷமா இருந்துது. சந்தோஷமா. கேவலமா இல்ல?

கச்சேரிக்கு ரெண்டு பாஸ் எங்கிட்ட இருக்கு. ஒண்ணு உங்களுக்குத்தான் வாங்கி வெச்சேன்னு சொன்னா நீங்க நம்ப வேண்டாம். ஆனா அது நெஜந்தான். முந்தாநேத்து க்ளென் ஊதறது மாடி வரைக்கும் கேக்கறது, நன்னா இருக்குன்னு நீங்க படில நின்னு சொன்னேள். அப்ப கேட்டு வாங்கினேன். குடுக்கறத்துக்குள்ள இந்த நவமி வந்துடுத்து.

வந்தா வாங்கோ. வரலேன்னாலும் சரி. மெட்ரோவுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் இங்க படில உக்காந்துக்கறேன். கேஜிஎஃப்ல அந்த ஆயுத பூஜை, அன்னிக்குப் பாதில நான் மறிச்சுட்டேனே, அத முழுசாச் சொல்லணும்னு தோணினா கதவத் திறங்கோ. திட்டணும்னு தோணினாலும் திறங்கோ. நான் நடுவுல பேச மாட்டேன்.

மாட்டேன். சத்தியமா.

... இந்தப் படி ஜில்லுனு இருக்கு.

இல்ல, ஒண்ணுமில்ல. வாயத் திறக்கல.